அப்பாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த ஆறு

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு வயது 67. சிறுநீர் சரியாகப் போகவில்லை, இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருக்கிறார் என்பதால் ஒரு வருடமாகத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு மாதம் முன்பு காய்ச்சலும் நீர்க்கடுப்பும் வந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 11.2 என்று வந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்தபோது 5.9. எம்.ஆர்.ஐ.யில் புரோஸ்டேட்டின் அளவு 62 சி.சி., பை-ராட்ஸ் 3 என்று எழுதியிருந்தார்கள். பயாப்சியில் 14 துண்டுகள் எடுத்ததில் இரண்டில் அடினோகார்சினோமா, க்ளீசன் 3+3=6, கிரேடு குரூப் 1 என்று வந்திருக்கிறது. 10க்கு 6 என்றால் பாதியைத் தாண்டிவிட்டது என்றுதானே அர்த்தம்? உடனே ஆபரேஷன் செய்து எடுத்துப் போட்டுவிடலாம் என்கிறான் அண்ணன். டாக்டரோ அவசரமில்லை, கண்காணிக்கலாம் என்கிறார். வயதானவர்தானே என்று விட்டுவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது. பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சாதாரண வீக்கம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அண்ணனுக்கு 44 வயது, அவனும் இப்போதே டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஆறை எடுத்துக்கொள்வோம், உங்கள் வீட்டில் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுத்திருப்பது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதைப் பரீட்சை மார்க் மாதிரி 10க்கு 6 என்று படிக்கக் கூடாது. இன்றைக்கு எழுதப்படும் பயாப்சி ரிப்போர்ட்டுகளில் அந்த அளவுகோல் ஆரம்பிப்பதே ஆறில்தான். ஆறுக்குக் கீழே நடைமுறையில் யாரும் எழுதுவதில்லை. அப்படியென்றால் அப்பா நிற்பது ஆறாவது படியில் இல்லை, முதல் படியில்.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்றால், 1960களில் டொனால்ட் க்ளீசன் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர், புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) கட்டிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அந்தத் திசு எப்படி அமைந்திருக்கிறது என்பதை வைத்து 1 முதல் 5 வரை தரம் பிரித்தார். 1 என்றால் கிட்டத்தட்ட நல்ல சுரப்பி மாதிரியே ஒழுங்காக இருக்கும், 5 என்றால் ஒழுங்கே இல்லாமல் செல்கள் சிதறிக் கிடக்கும். ஒரே கட்டிக்குள் இரண்டு மூன்று தினுசு கலந்திருப்பது சகஜம் என்பதால் முக்கியமான இரண்டைக் கூட்டிப் போட்டார். அதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டிலும் 3+3 என்று கணக்கு மாதிரி இருக்கிறது. பிற்பாடு பார்த்தால், ஊசியில் வரும் மெல்லிய துண்டுகளை வைத்து 1, 2 என்று தரம் சொல்வது நம்பகமில்லை, அதில் சில புற்றுநோயே இல்லை என்று தெரியவந்து அந்த இரண்டையும் பயாப்சிக்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பதில் மிகச் சிறியது 3. மூன்றும் மூன்றும் ஆறு. தரத்தை மாற்றியவர்கள் எண்ணையும் சேர்த்து மாற்றியிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்கவே வேண்டாம்.

மாற்றவும் செய்தார்கள், கொஞ்சம் தாமதமாக. 2014இல் உலக அளவில் நோய்க்குறியியல் மருத்துவர்கள் கூடி, இந்த எண்களை 1 முதல் 5 வரையான கிரேடு குரூப் என்று எழுத ஆரம்பித்தார்கள். அப்பாவின் ரிப்போர்ட்டில் க்ளீசனுக்குப் பக்கத்தில் கிரேடு குரூப் 1 என்று இருக்கிறதே, அதைத்தான் நீங்கள் முதலில் படித்திருக்க வேண்டும். ஐந்தில் ஒன்று. 3+4 என்று வந்தால் குரூப் 2, 4+3 என்று வந்தால் குரூப் 3. கூட்டினால் இரண்டும் ஏழுதான், ஆனால் எந்தத் தினுசு அதிகம் என்பதைப் பொறுத்து நோயின் போக்கு மாறும். 8 என்றால் 4, 9உம் 10உம் என்றால் 5.

அடுத்து அந்த அடினோகார்சினோமா என்ற சொல். அதைத் தனியாக இணையத்தில் தேடிப் பார்த்திருப்பீர்கள், பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். சுரப்பித் திசுவில் தோன்றும் புற்றுநோய் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. புரோஸ்டேட்டில் வரும் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே அடினோகார்சினோமாதான். எவ்வளவு தீவிரம் என்பதை அது சொல்வதில்லை, கிரேடுதான் சொல்லும்.

சரி, கிரேடு குரூப் 1 என்றால் என்ன செய்யும்? பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அலட்சியமாகச் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்து முழுச் சுரப்பியையும் எடுத்துப் பரிசோதித்து, உள்ளே 3+3 தவிர வேறு எதுவும் இல்லை என்று உறுதியானவர்களைப் பார்த்தால், அவர்களில் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருப்பது ஏறக்குறைய இல்லவே இல்லை. வேறு காரணத்தால் இறந்துபோன முதியவர்களின் உடலைக் கூறாய்வு செய்து பார்த்தபோது, அவர்களில் நிறைய பேருக்கு இப்படி யாருக்குமே தெரியாமல் ஒரு சின்னப் புற்று உள்ளே இருந்திருக்கிறது. அவர்களுக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது, அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. இதற்குப் புற்றுநோய் என்று பெயர் வைப்பது சரிதானா என்றே எங்கள் துறையில் ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரை மாற்றினால் ஜனங்கள் கண்காணிப்புக்கு வராமல் விட்டுவிடுவார்கள் என்று ஒரு கட்சி, இந்தப் பெயரே ஆளைக் கொல்கிறது என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கட்சிப் பக்கம் ஒரு சாய்வு உண்டு.

ஆகவே உங்கள் டாக்டர் கைவிடவில்லை. கண்காணிக்கலாம் என்று அவர் சொன்னது ஆக்டிவ் சர்வெய்லன்ஸ் என்ற முறையை. இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., வருடத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனை (ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பது), ஒரு வருடத்துக்குள் மறுபடி எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் இன்னொரு பயாப்சியும், அதற்கப்புறம் நிலைமையைப் பொறுத்து இடைவெளி. இடையில் எங்காவது 4 என்ற தினுசு தலைகாட்டினாலோ, ஸ்கேனில் கட்டி வளர்ந்தாலோ சிகிச்சைக்குப் போவது. குணப்படுத்தும் வாய்ப்பு கையை விட்டுப் போகாதபடி பார்த்துக்கொண்டு, தேவைப்படாத சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் இதன் நோக்கம். சொல்லப்போனால் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பது டாக்டருக்குச் சுலபமான வேலை, கண்காணிப்போம் என்று சொல்லிவிட்டு வருடக்கணக்கில் ஒருவரை நினைவில் வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பதுதான் கஷ்டம்.

இந்த இரண்டாவது பயாப்சி எதற்கு என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். 62 சி.சி. சுரப்பியிலிருந்து 14 இடத்தில் நூல் மாதிரி மெல்லிய துண்டுகளை எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்கூட முழுதாக இருக்காது. அந்த நூல்களுக்கு இடையில் வேறு ஏதாவது ஒளிந்திருக்கலாம். ஆகவே ஒரு முறை சரிபார்த்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஊசி குத்தினால் பரவிவிடும் என்று யாராவது சொல்வார்கள், நடைமுறையில் அந்தப் பயம் வேண்டாம். பயாப்சியில் நான் பயப்படுவது காய்ச்சலுக்குத்தான். எடுத்த சில நாட்களுக்குள் குளிர்க்காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விந்துவில் சில வாரங்கள் ரத்தக் கறை தெரிவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். அப்பாவுக்கு அப்படி இருந்து, உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தனியாகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கலாம், டாக்டரை அவரிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்த முடிவு மொத்தமும் மைக்ரோஸ்கோப்பில் ஒருவர் பார்த்து மூன்றா நான்கா என்று சொன்னதில் நிற்கிறது. அந்தக் கண்ணாடிச் சில்லுகளையும் திசு பதித்த மெழுகுக் கட்டைகளையும் (ஸ்லைடு, பிளாக் என்று கேட்டால் கொடுப்பார்கள்) வாங்கி, சிறுநீரகப் பாதைப் புற்றுநோய்களை அதிகம் பார்க்கும் இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். டாக்டர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம், என் சொந்த அண்ணனாக இருந்தாலும் இதைத்தான் செய்வேன்.

இப்போது பி.எஸ்.ஏ.க்கு வருகிறேன். இது புற்றுநோய் சுரக்கும் பொருள் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், அவ்வளவுதான். விந்து கெட்டிப்படாமல் நீர்த்திருக்கச் செய்வது அதன் வேலை, அதில் கொஞ்சம் ரத்தத்துக்குள் கசிகிறது. சுரப்பி பெரிதானால் கசிவு கூடும், கிருமி தொற்றினால் கூடும், சிறுநீர் அடைத்துக்கொண்டு குழாய் போட்டால் கூடும், முந்தின இரண்டு நாட்களுக்குள் விந்து வெளியேறியிருந்தாலும் சற்றுக் கூடும். புற்றுநோய் இருந்தாலும் கூடும். காய்ச்சலும் நீர்க்கடுப்பும் இருக்கும்போது பி.எஸ்.ஏ. எடுக்கவே கூடாது. அப்பாவுக்கு 11.2 வந்தது அந்தச் சமயத்தில், ஆகவே அதை அப்படியே அடித்துவிடுங்கள், குடும்ப வாட்ஸ்அப்பில் இன்னும் அந்த எண்தான் சுற்றிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம். தொற்று தீர்ந்து ஆறு வாரமாவது போன பிறகு எடுப்பதுதான் கணக்கு. நீங்கள் இரண்டு மாதம் காத்திருந்து எடுத்தது மிகச் சரி, அது 5.9.

நான்குக்கு மேல் போனால் ஆபத்து என்று லேப் தாளில் தடித்த எழுத்தில் அடித்துக் கொடுக்கிறார்களே, அந்த நான்கும் வானத்திலிருந்து விழுந்த எல்லைக்கோடு இல்லை. 4 முதல் 10 வரை இருப்பவர்களுக்கு பயாப்சி எடுத்தால் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் வரும், மூவருக்கு இராது. அந்தப் பக்கம் பார்த்தால், அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், பி.எஸ்.ஏ. நான்கோ அதற்குக் கீழோ இருந்த ஆண்களுக்கும் பயாப்சி எடுத்துப் பார்த்தார்கள். சுமார் 15 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் இருந்தது (2004இல் வெளிவந்த முடிவு). ஆக நான்குக்குக் கீழே இருப்பவருக்கும் முழு விடுதலை கிடையாது, மேலே இருப்பவர் எல்லோரும் நோயாளியும் கிடையாது.

அதனால் நாங்கள் அந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதில்லை. எம்.ஆர்.ஐ.யில் 62 சி.சி. என்று இருக்கிறது. இளம் வயதில் சுமார் 20 இருக்கும், அப்பாவுக்கு மூன்று மடங்கு. 5.9ஐ 62ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.1 வருகிறது. இதைப் பி.எஸ்.ஏ. அடர்த்தி என்போம். 0.15க்குக் கீழே இருந்தால், பெரிய சுரப்பி கசிய வேண்டிய அளவுதான் கசிகிறது என்று கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். பை-ராட்ஸ் என்பது ஸ்கேனைப் பார்த்த ரேடியாலஜி மருத்துவரின் சந்தேக அளவு, 1 என்றால் சந்தேகமே இல்லை, 5 என்றால் பலத்த சந்தேகம், 3 என்றால் சொல்ல முடியவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் பயாப்சியே எடுக்காமல் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கக்கூடிய டாக்டர்களும் உண்டு, நானும் அநேகமாக அப்படித்தான் சொல்லியிருப்பேன். எடுத்ததில் தப்பில்லை. ஆனால் எடுக்காமல் இருந்திருந்தால் இந்த ஆறு உங்கள் வீட்டுக்குள் வந்தே இருக்காது, அப்பாவின் உடம்பு இன்றைக்கு எப்படி இருக்கிறதோ அப்படியேதான் இருந்திருக்கும்.

இங்கேதான் ஒரு 'ஆனால்'. உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்தபோது நின்றுவிட்ட இடம் இதுதான். அப்பா ஒரு வருடமாக ஒரு மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், பெயர் எழுதவில்லை. சிறுநீர் இறங்குவதற்குக் கொடுக்கும் மாத்திரையில் இரண்டு வகை உண்டு. டாம்சுலோசின் மாதிரியானவை தசையைத் தளர்த்தி வழி விடும், பி.எஸ்.ஏ.யை ஒன்றும் செய்யாது. டூடாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு என்பவை சுரப்பியையே சுருக்கும், அவற்றை ஆறு மாதம் ஒரு வருடம் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்தும் விற்கிறார்கள், அட்டையில் முன்னால் ஏதோ ஒரு பெயர் பெரிதாக இருக்கும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அப்பா சாப்பிடுவது இரண்டாம் வகை என்றால், அந்த 5.9 உண்மையில் 12க்குப் பக்கத்தில். அடர்த்தி 0.19. நான் மேலே கொடுத்த தைரியத்தில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்போதும் கிரேடு குரூப் 1 குரூப் 1தான், ஆபரேஷன் என்று ஓட வேண்டியதில்லை. ஆனால் அந்த 14 நூல்களுக்கு நடுவே எதையாவது தவறவிட்டோமா என்ற கேள்வி பலமாகிவிடும், அடுத்த பயாப்சியை ஒரு வருடம் கழித்து என்று தள்ளாமல் முன்னால் கொண்டுவர வேண்டும், எம்.ஆர்.ஐ.யை இன்னொருவர் பார்க்க வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கண்காணிப்பு நடக்கும்போது பி.எஸ்.ஏ. கொஞ்சம் ஏறினாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும், குறைய வேண்டியது ஏறுகிறதே என்று. ஒவ்வொரு முறை ரத்தம் கொடுக்கும்போதும் மாத்திரையின் பெயரைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். தலைமுடி கொட்டாமல் இருக்க ஃபினாஸ்டெரைடு சாப்பிடும் இளைஞர்களுக்கும் இதே கணக்குதான், அவர்கள் யாரும் அதைச் சொல்வதே இல்லை.

பெட் ஸ்கேன் வேண்டாம். கிரேடு குரூப் 1க்கு அது தேவைப்படுவதில்லை. புரோஸ்டேட்டுக்கென்றே வந்திருக்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் பரவிய நோயைத் தேடுவதற்கு அருமையான கருவி. ஆனால் பரவ வாய்ப்பே இல்லாத இடத்தில் தேடினால், விலா எலும்பில் எங்கோ மங்கலாக ஒளிர்ந்த ஒன்றுமில்லாத புள்ளிக்காக இன்னும் மூன்று மாதம் எல்லோரும் உறங்காமல் இருப்பீர்கள்.

அண்ணனின் யோசனைக்கு வருவோம். எடுத்துப் போட்டுவிட்டால் நிம்மதி. அந்த எண்ணம் எனக்குப் புரிகிறது, அவர் அப்பாவின் மேல் இருக்கும் பாசத்தில்தான் சொல்கிறார். நல்லவேளையாக இதே கேள்விக்குப் பதில் தேடி ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை பி.எஸ்.ஏ. பரிசோதனையால் கண்டுபிடிக்கப்பட்டு, நோய் சுரப்பிக்குள்ளேயே இருந்த 1,643 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு ஆபரேஷன், ஒரு கூட்டத்துக்குக் கதிர்வீச்சு, ஒரு கூட்டத்துக்குக் கண்காணிப்பு. 15 வருடம் கழித்து, 2023இல் முடிவு வந்தது. புரோஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று கூட்டத்திலும் 100க்கு 3 பேர் அளவில்தான். எடுத்துப் போட்டவருக்கும் அதே, போடாதவருக்கும் அதே. முழுக் கதையையும் சொல்ல வேண்டும் என்றால், கண்காணிப்பில் இருந்தவர்களில் 100க்கு சுமார் 9 பேருக்கு நோய் வேறு இடங்களுக்குப் பரவியது, மற்ற இரண்டு கூட்டத்தில் சுமார் 5 பேருக்கு. கண்காணிப்புக் கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இடையில் ஏதோ ஒரு கட்டத்தில் சிகிச்சைக்கு மாறவும் செய்தார்கள். அந்த ஆய்வில் எல்லோரும் கிரேடு குரூப் 1 இல்லை, அதைவிட அதிகம் உள்ளவர்களும் இருந்தார்கள், கண்காணிப்பும் இன்றைக்கு மாதிரி எம்.ஆர்.ஐ. வைத்துச் செய்ததில்லை. ஆகவே அப்பாவின் நிலைமை அந்தக் கூட்டத்தின் சராசரியைவிடச் சாதகமானது, அந்த மாத்திரை விஷயம் மட்டும் தெளிவாகிவிட்டால்.

ஆபரேஷனுக்கு ஒரு விலை இருக்கிறது, பணத்தைச் சொல்லவில்லை. அதே ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஆறு மாதத்தில் 100க்கு 46 பேர் சிறுநீர்க் கசிவுக்குப் பேடு வைத்துக்கொண்டிருந்தார்கள், ஆறு வருடம் கழித்தும் 17 பேர். தும்மினால், எழுந்தால், பேரனைத் தூக்கினால் கசியும். தாம்பத்தியத்துக்கு உறுப்பு ஒத்துழைக்காமல் போவது அதைவிட அதிகம். 67 வயதில் அவருக்கு அதெல்லாம் எதற்கு என்று பிள்ளைகள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள், அது அம்மாவும் அப்பாவும் சொல்ல வேண்டியது.

அதனால்தான் அப்பாவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறேன்.

நோயை மறைப்பது பாசத்தால்தான், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வைத்தியம் மறைத்துச் செய்யக்கூடியது இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், ஸ்கேன், மறுபடி ஊசி என்றால், சாதாரண வீக்கத்துக்கு எதற்கு இவ்வளவு என்று அவர் யோசிக்க மாட்டாரா? யோசித்துவிட்டு, உங்களிடம் கேட்காமல், தனக்கு ஏதோ முற்றிப்போய்விட்டது, பிள்ளைகள் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். இருப்பதைவிடப் பல மடங்கு மோசமான நோயை அவர் மனதில் சுமப்பார்.

சில வருடங்களுக்கு முன்பு ஒருவர் வந்தார், எழுபதைத் தாண்டியவர், கூடவே இரண்டு மகன்கள். மகன்கள் முன்னாடியே தனியாக உள்ளே வந்து, அப்பாவுக்குத் தெரியாது சார், நீங்கள் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். சரி என்றேன். அந்தக் காலத்தில் நான் அதற்கெல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர் உள்ளே வந்து உட்கார்ந்து, நான் வீக்கம், மருந்து என்று சுற்றி வளைத்துப் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மகன்கள் மருந்து வாங்கக் கிளம்பியதும் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தார். ரிப்போர்ட்டின் நகல். மடிப்பு மடிப்பாகத் தேய்ந்திருந்தது, நான்கு ஐந்து இடத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தார், அடினோகார்சினோமாவுக்கு அடியில் இரண்டு கோடு. லேபுக்கே நேரில் போய் வாங்கியிருக்கிறார், ஒன்றரை மாதமாகப் பையிலேயே வைத்திருக்கிறார். "பசங்க பயந்துபோயிருக்காங்க, எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க" என்றார். அவருக்கு வந்ததும் 3+3 தான். இதை யாரும் அவரிடம் சொல்லாததால், பையில் இருந்த தாளை மரணச் சீட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மறைக்கச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

எப்படிச் சொல்வது என்று கேட்டால், நீங்களும் அண்ணனும் அம்மாவும் சேர்ந்து சபை கூட்டிச் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் போகும்போது, அப்பாவுக்கு எல்லாவற்றையும் நேராகச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லி அழைத்துப் போங்கள். புற்றுநோய் என்ற வார்த்தையைச் சொல்லி, அதே மூச்சில் இது மெதுவான வகை, இப்போதைக்குச் சிகிச்சை தேவையில்லை, நாம் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம் என்று சொல்ல அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டுவிட்டு அப்பாவே எனக்கு இதோடு வாழ முடியாது, எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு, உள்ளே ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே அவர்களைத் தின்றுவிடும். அது அவர் உடம்பு, அவர் கணக்கு.

கடைசியாக அண்ணன். அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் ஒரு ஆணுக்கு இது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது பொதுக் கணக்கு. ஆனால் எந்த வயதில் வந்தது, எவ்வளவு தீவிரமாக வந்தது என்பதையும் சேர்த்துப் பார்ப்போம். 67 வயதில் கிரேடு குரூப் 1 என்பது, 52 வயதில் எலும்புக்குப் பரவி இறந்த அப்பா என்பதோடு ஒன்றாகாது. குடும்பத்தில் இருப்பவர்கள் 45 வாக்கில் ஒரு முறை பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்ளலாம் என்று பல மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன, அண்ணன் அதை அடுத்த வருடம் செய்யலாம், இன்று ராத்திரியே ஓட வேண்டியதில்லை. அதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள்: உங்கள் அத்தைமார், பாட்டி, பெரியப்பா சித்தப்பா வழியில் யாருக்காவது சின்ன வயதில் மார்பகப் புற்றுநோயோ, சினைப்பை அல்லது கணையப் புற்றுநோயோ வந்ததா? பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் பெண்களுக்கு அவையும் ஆண்களுக்குத் தீவிரமான புரோஸ்டேட் புற்றுநோயும் வரலாம். அப்படி இருந்தால் அண்ணனின் கணக்கு மட்டுமில்லை, அப்பாவுக்குக் கண்காணிப்பு போதுமா என்ற கணக்கும், உங்கள் கணக்கும் மாறும். அந்தக் கோளாறு மகளுக்கும் வரக்கூடியது, கடிதத்தில் அண்ணனைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

அறிகுறி இல்லாத எல்லா ஆண்களும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று அண்ணனின் நண்பர்கள் கேட்பார்கள். ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 1,60,000க்கும் மேற்பட்ட ஆண்களை 20 வருடங்களுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் புரோஸ்டேட் புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைவு. 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. பலன் உண்டு, சின்னப் பலன், கூடவே அப்பாவுக்கு வந்த மாதிரி தேவையில்லாத ஆறுகளும் நிறைய வெளியே வரும். 55 முதல் 69 வயது வரை இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம், 70க்கு மேல் அறிகுறி இல்லாதவருக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. எடுப்பதாக இருந்தால், 6 என்று வந்தால் சும்மா இருக்க முடியுமா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டு எடுக்கட்டும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அப்பாவின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சாப்பிடச் சாப்பிடக் கிழித்ததில் பெயர் பாதி போயிருக்கும், அப்படியானால் பழைய சீட்டையோ மருந்துக்கடை ரசீதையோ தேடி எடுங்கள். டூடாஸ்டெரைடு அல்லது ஃபினாஸ்டெரைடு என்று இருந்தால், அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காமல் உங்கள் டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். எதுவாக இருந்தாலும் பெயரை எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.